மிதியில கட்டியிருந்த மரத்துண்டு

போன சித்திரைல சங்கரன்கோவில் வீட்டுப் பின்கட்டை இடிச்சுக் கட்டலாம்னு முடிவானப்போ சித்தப்பா போன் பண்ணி "எய்யா, உங்க தாத்தா மிஷின் அங்க கிடக்கு, நாளன்னைக்கு பழைய இரும்புக்காரன் வாரான், உனக்கு வேணும்னா வந்து எடுத்துக்கோ"ன்னாரு. அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன். தாத்தாவை நான் பாத்ததே இல்ல, அவரு 1964லயே போயிட்டாரு, அப்பாவுக்கு அப்ப ஒன்பது வயசு. எனக்குத் தெரிஞ்ச தாத்தான்னா மூணே பொருள்தான். ஒரு போட்டோ, ஒரு அளவு நோட்டு, அப்புறம் இந்தத் தையல் மிஷின். எங்க வீட்ல அதுக்குப் பேரே 'தாத்தா மிஷின்'தான், வேற மாதிரி யாரும் சொல்லிக் கேட்டதில்ல.

இத எழுதறதுக்குக் காரணம் மிஷின் ஓடிருச்சுங்கறது மட்டும் இல்ல. அதைக் கழட்டிச் சுத்தம் பண்ணும்போது உள்ள இருந்து வந்த விஷயங்கள் எங்க குடும்பத்துல அறுபது வருஷமா சொல்லிட்டிருந்த கதையையே மாத்திருச்சு. செஞ்சதை வரிசையா எழுதறேன், செஞ்ச ரெண்டு தப்பையும் சேத்தே எழுதறேன், ஏன்னா அந்தத் தப்பை இன்னொருத்தர் பண்ணக்கூடாது.

போய்ப் பாத்தப்போ மிஷின் மேல அரிசிச் சாக்கு, பழைய ஓலைப்பெட்டி, ஒரு டிரம் மூடி எல்லாம் கிடந்துச்சு. தலை (மேல இருக்க கறுப்பு மிஷின்) அப்படியே இறுகிக் கிடக்கு, வீலைப் பிடிச்சுத் திருப்பினா ஒரு நூல் கூட அசையல. ஸ்டாண்டு முழுக்க துரு. மேசைப் பலகை ஒரு ஓரம் தண்ணி பட்டு உப்பி அடுக்கடுக்கா பிரிஞ்சிருந்துச்சு. ரெண்டு டிராயர்ல ஒண்ணு திறக்குது, இன்னொண்ணு திறக்கல. பெல்ட் இருந்த இடத்துல ஒரு சாண் தோல் காய்ஞ்சு சுருண்டு தொங்குது, அவ்ளோதான்.

முதல் தப்பு அங்கயே நடந்துச்சு. கீழ மிதி இருக்குல்ல, வார்ப்பிரும்புல சல்லடை மாதிரி பூ போட்டு இருக்கும், அது மேல ஒரு மரத்துண்டை செம்புக் கம்பி வச்சுக் கட்டியிருந்துச்சு. ஒரு சாண் அகலம், ரெண்டு அங்குலம் உசரம். யாரோ உடைஞ்சதுக்கு ஒட்டுப் போட்டிருக்காங்கன்னு நினைச்சு கம்பியை கட்டிங் பிளேயர்ல வெட்டி மரத்தை ஓரமாத் தூக்கிப் போட்டேன். ஒரு போட்டோ கூட எடுக்கல. ரெண்டாவது தப்பு, திறக்காத டிராயர். இழுத்தா உள்ள ஏதோ சிக்கிப் பிடிக்குது, சந்துல கத்தரிக்கோல் விட்டுப் பாத்தா கயித்துச் சிக்கு, சணல், நூல்கயிறு, என்னென்னமோ. அவசரத்துல சிக்குன ரெண்டு கயித்தை அறுத்துத்தான் டிராயரை இழுத்தேன். உள்ள ஒரு கட்டுக் கயிறு, ஒவ்வொண்ணுலயும் முடிச்சு முடிச்சா, நுனில ஒரு துணுக்குத் துணி. குப்பைன்னு ஒரு கவர்ல போட்டேன். வெளிய வீசாம கவர்ல போட்டது மட்டும்தான் அன்னைக்கு நான் பண்ணின நல்ல காரியம்.

சென்னைக்கு எப்படிக் கொண்டு வந்தேன்னா, தலையைத் தனியாக் கழட்டிட்டேன். மிதி மிஷின்ல தலை ரெண்டு கீல் முளைல நிக்கும், பின்னால சாய்ச்சுப் பாத்தா ரெண்டு ஸ்க்ரூ தெரியும், அதை லூஸ் பண்ணினா தலை மேல வந்துரும். தனியாத் தூக்காதீங்க, என்னோடது எடை போட்டுப் பாத்தா பதிமூணு கிலோ, கை நழுவினா கால் போயிரும். ஸ்டாண்டை பார்சல்ல போட்டுட்டு தலையை ஒரு போர்வைல சுத்தி மடில வச்சே பஸ்ல வந்தேன்.

எந்த மிஷின்னு முதல்ல கண்டுபிடிக்கணும். படுக்கையோட (தலைக்கு அடியில இருக்க தட்டையான பாகம்) வலது பக்கம் சீரியல் நம்பர் குத்தியிருப்பாங்க. இதுல 'ஈ'ல ஆரம்பிக்கிற ரெண்டு ஆங்கில எழுத்து, அப்புறம் ஆறு எண். அந்த வரிசை ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ பக்கத்துல கிளைடுபேங்க் ஊர்ல சிங்கர் கம்பெனி நடத்தின ஃபேக்டரியோடது. மாடல் 15 கே. அந்த 'கே' எதுக்குன்னா ஃபேக்டரி இருந்த இடத்துப் பேர் கில்போவி, அதோட முதலெழுத்து. 1885ல திறந்த ஃபேக்டரி, பெரிய மணிக்கூண்டு வச்சது, 1941 மார்ச்ல ஜெர்மன் விமானங்க அந்த ஊரையே குண்டு போட்டு நொறுக்கினப்போ இதுவும் அடி வாங்குச்சு, 1980ல மூடிட்டாங்க. இதெல்லாம் படிக்கும்போது ஒரு விஷயம் என்னை நிறுத்திருச்சு. 1911ல அங்க மேசைப் பலகைக்கு பாலிஷ் போடற பிரிவுல மூணு பேரை வேற இடத்துக்கு மாத்திட்டு அவங்க வேலையையும் மிச்சம் இருந்த 12 பொம்பளைங்க தலையிலயே கட்டினதால அந்த 12 பேரும் வேலையை நிறுத்தினாங்க, அவங்களுக்காக கிட்டத்தட்ட 11,000 பேர் வெளிய வந்தாங்க. பொம்பளைங்க செய்யற வேலையை யாரு கணக்குல எடுப்பாங்கன்னு அப்ப லேசா மனசுல ஓடுச்சு, அது எங்க வீட்டுக் கதைன்னு அப்பத் தெரியாது.

சரி, இறுகின மிஷினை எப்படி இளக்கறது. முதல் விதி, பலத்தைக் காட்டாதீங்க. வீலை ரெண்டு கையால பிடிச்சு முறுக்கினா உள்ள ஏதாவது ஒண்ணு வளையும். ஏன் இறுகுதுன்னு புரிஞ்சாத்தான் பொறுமை வரும். நம்ம வீடுகள்ல மிஷினுக்கு மிஷின் ஆயில் தீந்துட்டா அடுக்களைல இருந்து நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் விடுவாங்க. மிஷின் ஆயில் மினரல் ஆயில், அது அவ்ளோ சீக்கிரம் கெட்டியாகாது. நல்லெண்ணெய் காத்து பட்டுப் பட்டு கொஞ்சம் கொஞ்சமா பிசின் மாதிரி ஆகி கடைசில வார்னிஷ் பூசின மாதிரி காய்ஞ்சிரும். என் மிஷின்ல ஊசிக் கம்பி முழுக்க தேன் கலர்ல ஒரு படலம். நகத்தால சுரண்டினா வரல.

நான் பண்ணினது, மேல இருக்க எண்ணெய் ஓட்டை ஒண்ணு விடாம மண்ணெண்ணெய் ரெண்டு ரெண்டு சொட்டு, முகத்தட்டைக் கழட்டி ஊசிக் கம்பி, கால் கம்பி (துணியை அமுக்கற காலைத் தாங்கறது) ரெண்டுக்கும், அப்புறம் மிஷினைச் சாய்ச்சு அடியில அசையற ஒவ்வொரு மூட்டுக்கும். காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. நடுவுல ஹேர் டிரையர் வச்சு சூடு காட்டினேன், சூடு பட்டா அந்தப் பிசின் இளகும். வெளிய கறுப்பு பெயின்ட் மேல இருக்க தங்கப் பூவுல மட்டும் மண்ணெண்ணெயும் படக்கூடாது, ஸ்பிரிட் படவே கூடாது, அதுக்கு மேல பூசியிருக்கறது அரக்கு, ஸ்பிரிட் அதைக் கரைச்சிரும். ஒரு மூலைல ஸ்பிரிட் பஞ்சு வச்சு ஒரே இழுப்பு இழுத்தேன், ரெண்டு அங்குலத்துக்குப் பூ போயிருச்சு. அதுக்கப்புறம் வெளிப்பக்கம் மிஷின் ஆயிலும் பழைய பனியன் துணியும் மட்டும்தான்.

மூணாம் நாள் ராத்திரி வீல் ஒரு கட்டைவிரல் அகலம் அசைஞ்சுச்சு. என் பொண்ணு கூட உக்காந்திருந்தா, அவதான் முதல்ல பாத்தா. ஆனா அதுக்கு மேல போகல, ஏதோ இடிக்குது. அது பிசின் இல்ல, வேற. ஷட்டிலை (அடி நூலை மேல் நூலோட கோக்கறது) பாக்கணும். பாபின் கேஸை (அடி நூல் சுத்தின பாபின் இருக்க டப்பி) அந்தக் குட்டிக் கொண்டியைப் பிடிச்சு வெளிய எடுத்துட்டு, ஷட்டிலை மூடியிருக்க வளையத்தைக் கழட்டி, ஷட்டிலை வெளிய எடுத்தா, பின்னால ஓடுற பள்ளத்துல நூல் சுத்தி சுத்தி கயிறு மாதிரி இறுகிக் கிடக்கு. மிதியைப் பின்னால மிதிச்சா வீல் எதிர்த் திசைல சுத்தும், அப்ப நூல் இப்படித்தான் உள்ள போய்ச் சிக்கும். மிஷினே செத்துப்போச்சுன்னு எடைக்குப் போடறவங்க முதல்ல இந்த இடத்தைத் திறந்து பாருங்க, தயவுசெஞ்சு. ஊசி நுனியால குத்திக் குத்தி ஒரு மணி நேரம் எடுத்தேன். மெரூன் கலர் நூல். எடுத்து முடிச்சதும் வீல் முழுசா ஒரு சுத்து வந்துச்சு, ஊசி மேல போய் கீழ வந்துச்சு. கடைசியா எப்ப அது அசைஞ்சுதோ.

மெரூன் நூல்தான் முதல்ல மனசுல இடிச்சுச்சு. தாத்தா தைச்சது என்னன்னு எனக்கு நோட்டுல தெரியும். நாப்பது பக்க நோட்டு, அரை நிஜார், சட்டை, ஜிப்பா, காக்கி நிஜார். மார்புக்கு 'மா', தோளுக்கு 'தோ', உயரத்துக்கு 'உ'. கால் அங்குலத்துக்கு நம்ம பழைய கணக்குல எழுதற 'வ', முக்காலுக்கு 'ளு'. 32ன்னு எழுதி அதுக்குப் பக்கத்துல 'வ'ன்னு இருந்தா முப்பத்திரண்டே கால். பத்து வயசுல ஒரு கடைல காஜா (பொத்தான் ஓட்டை) எடுக்கற பையனாச் சேந்து, கட்டிங் கத்துக்கிட்டு, தேரடிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைத் திண்ணைல உக்காந்தவரு. 1943ல துணிக் கட்டுப்பாடு வந்து துணிக்கே ஆளாப் பறந்த காலத்துல புதுசு தைக்க ஆளில்லாம, பழைய சட்டையைப் பிரிச்சு உள்பக்கத்தை வெளிய திருப்பித் தைச்சுக் கொடுத்துத்தான் சோறு சாப்பிட்டாங்கன்னு அப்பா சொல்லுவாரு. இந்த மிஷினை அதுக்கப்புறம்தான், தொழிலை விட்ட ஒரு பெரியவர்கிட்ட தவணைக்கு வாங்கினது, கடைசித் தவணைக்குப் பணம் பத்தாம ரெண்டு தீபாவளிக்கு அவங்க வீட்டுத் துணியெல்லாம் தைச்சுக் கழிச்சிருக்காரு. இதுல எங்கயும் பொம்பளைங்க துணி கிடையாது. நோட்டுல ஒரு ஜாக்கெட் அளவு கூட இல்ல. அப்ப மெரூன் நூல் எங்கிருந்து வந்துச்சு?

ஊசித் தட்டைக் கழட்டி, பல்லு (துணியைத் தள்ளுறது) இருக்க இடத்துல பாத்தேன். மேல இருக்கறதை டெய்லருங்க அப்பப்ப தட்டிருவாங்க, ஆனா அடியில பல்லைத் தாங்கற சட்டத்தோட மூலைங்க இருக்கு பாருங்க, அங்க கை போகாது. அங்க பஞ்சு எண்ணெயோட சேந்து கம்பளி மாதிரி கெட்டியாப் படிஞ்சிருந்துச்சு. சாமணத்தால உரிச்சு எடுத்தா அடுக்கா வருது. அடியில காக்கியும் வெள்ளையும், அதுக்கு மேல மெரூன், கிளிப்பச்சை, ரோஸ், வாடாமல்லி. மேலடுக்குதான் தடிமன். ரெண்டு மடங்குக்கு மேல.

கொஞ்சம் இழையைப் பிரிச்சு, எண்ணெய் போக சோப்புத் தண்ணில அலசிக் காய வச்சு நெருப்புல காட்டினேன். பருத்தின்னா பேப்பர் எரியற வாசம் வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர்னா சுருங்கி உருகி கறுப்பா ஒரு மணி மாதிரி நிக்கும். கீழடுக்கு சுத்தமா சாம்பல். மேலடுக்குல பாதிக்குப் பாதி மணி. பாலியஸ்டர் கலந்த துணி எங்க ஊர்ப் பக்கம் சாதாரண ஜனங்க கைக்கு வந்தது அறுபதுகள் கடைசி, எழுபதுகள். தாத்தா 1964ல போயிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி அந்தக் கவரையும் டிராயரையும் எடுத்தேன். கயித்துக் கட்டு இருந்த இடத்துக்குக் கீழ, டிராயரோட அடித்தட்டுல, மடிச்ச நியூஸ் பேப்பர் கொஞ்சம் இருந்துச்சு, விரிச்சா உடையற நிலைமை. இதைக் கையால நீவாதீங்க, இஸ்திரி போடவே போடாதீங்க. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, அடியில ஈரத்துணி, அது மேல பேப்பர் நனையாத மாதிரி ஒரு கம்பி வலை, அது மேல மடிச்ச பேப்பரை வச்சு மூடி ஒரு ராத்திரி விட்டேன். அதுக்கு மேல விட்டா பூஞ்சை பிடிக்கும். காலைல பேப்பர் துணி மாதிரி துவண்டிருந்துச்சு, மெதுவா விரிச்சு ரெண்டு பக்கமும் மை ஒத்தற தாள் வச்சு தலகாணி சைஸ் புக்கை மேல ஏத்தினேன்.

விரிஞ்சதும் பாத்தா அது ஜாக்கெட் கட்டிங். முதுகு, முன்பக்கம் ரெண்டு, கை. பட்டி வர்ற இடத்துல குண்டூசி ஓட்டை. முதுகுத் துண்டுல கழுத்து வெட்டுக்குக் கீழ இருந்த செய்தி சென்னைல நடக்கற உலகத் தமிழ் மாநாட்டைப் பத்தி. 1968 ஜனவரில நடந்த ரெண்டாவது மாநாடு. தாத்தா போய் மூணரை வருஷம் கழிச்சு வந்த பேப்பரை யாரோ கத்தரிச்சு ஜாக்கெட் அளவு எடுத்திருக்காங்க.

எனக்கு ஆச்சி, அப்பாவோட அம்மா, ஞாபகம் இருக்கு. நான் ஒண்ணாங்கிளாஸ் படிக்கும்போது போனாங்க. திண்ணைல உக்காந்து வெத்தலை இடிப்பாங்க, ரொம்பக் குட்டையா இருப்பாங்க, கண் ரெண்டும் பால் படிஞ்ச மாதிரி இருக்கும். மிஷின்ல உக்காந்து நான் பாத்ததே இல்ல. அப்பாகிட்ட போன்ல கேட்டேன், "ஆச்சி தைப்பாங்களா?"ன்னு. "ஆமா தைப்பா, எல்லா வீட்லயும் பொம்பளைங்க தைக்கறதுதானே"ன்னாரு. அதுக்கு மேல அவருக்கு அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. அவரோட கல்யாணப் பத்திரிகை என்கிட்ட இருக்கு, 1982. அதுல 'காலஞ்சென்ற டெய்லர்'னு போட்டு தாத்தா பேரு. பதினெட்டு வருஷம் முன்னாடி போனவருக்குத் தொழில் இருக்கு. ஆச்சிக்கு வெறும் பேரு.

அப்புறம்தான் ராஜபாளையத்துல இருக்க அத்தைக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு மூத்தவங்க, தாத்தா சாகும்போது பதினாலு வயசு. நான் மிஷின், பேப்பர், மெரூன் நூல்னு சொல்ல ஆரம்பிச்சதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"தாத்தா மிஷினா? எய்யா, அது உங்க ஆச்சி மிதிச்ச மிஷின்லா. உங்க தாத்தா அதுல பதினஞ்சு வருசம் தச்சிருப்பாரு. அவ இருவது வருசம் தச்சா. பகலெல்லாம் தறிக்காரங்க வீட்டுக்குத் நெய்யற நூலைத் தார்ல சுத்தப் போவா, ராத்திரி எங்களுக்குச் சோறு போட்டுட்டு சிம்னி விளக்கைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மிதிப்பா. கடைல போய் உக்கார முடியுமா அப்ப, புருசன் செத்தவ. தெருவுல பொம்பளைங்க பின்வாசல் வழியா வந்து துணியக் கொடுத்துட்டுப் போவாங்க. ஒரு ஜாக்கெட்டுக்கு முக்கா ரூவா. ஆடித்தபசுக்கு, தீவாளிக்கு உறங்கவே மாட்டா. உங்கப்பன் பள்ளிக்கூடம் படிச்சது, உன் சித்தப்பன் பாலிடெக்னிக் போனது எல்லாம் அந்த முக்கா ரூவாதான் கேட்டியா."

யாரு கத்துக் கொடுத்தாங்கன்னு கேட்டேன். யாரும் இல்ல. தாத்தா படுக்கைல விழுந்த ஆறு மாசத்துல அவரு ஒரு கட்டில்ல இருந்து சொல்லச் சொல்ல இவங்க நிஜார் தைச்சு முடிச்சுக் கொடுத்திருக்காங்க, கைல வாங்கின ஆர்டர் நிக்குதேன்னு. ஜாக்கெட்டை இவங்களே ஒரு பழைய ஜாக்கெட்டைப் பிரிச்சுப் பாத்துக் கத்துக்கிட்டது.

"கயிறுன்னு சொன்னியே, அதை என்ன பண்ணுன?"

எனக்கு அப்பவே வயிறு கலங்கிருச்சு. அத்தை சொல்லித்தான் தெரிஞ்சுது, ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டேப்ல இருக்க நம்பரும் தெரியாது. அதனால ஒரு ஆளுக்கு ஒரு கயிறு. ஒரு நுனியைப் பிடிச்சுக்கிட்டு எல்லா அளவையும் அங்கிருந்தே வைப்பாங்க. ஒத்தை முடிச்சு கைச்சுத்து, ரெட்டை முடிச்சு உசரம், கயித்தோட மொத்த நீளம் மார்பளவு. அடுத்த நுனில அந்த ஆளோட முதல் ஜாக்கெட் துணியில ஒரு துணுக்கு, அதை வச்சுத்தான் யாரோடதுன்னு அடையாளம். நான் ஒண்ணை எடுத்து டேப் வச்சுப் பாத்தேன். ஒத்தை முடிச்சு பத்தரை அங்குலம், ரெட்டை முடிச்சு பதினாலு, முழுக் கயிறு முப்பத்திநாலு. தாத்தாவுக்கு நோட்டு மாதிரி ஆச்சிக்கு இது. மொத்தம் 27 கயிறு. அதுல நான் அறுத்த ரெண்டு கயித்துல முடிச்சு இருக்கு, மொத்த நீளம் போச்சு. அந்த ரெண்டு பொம்பளைங்களோட மார்பளவை நான்தான் அழிச்சேன், அதை இன்னும் என்னால சாதாரணமா எடுத்துக்க முடியல. இப்ப ஒவ்வொரு கயிறும் தனித்தனி பருத்தித் துணில சுருட்டாம நீளமா வச்சு, நம்பர் போட்டு, பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்து வச்சிருக்கேன். முடிச்சை அவிழ்க்கவும் இல்ல, துவைக்கவும் இல்ல.

மரத்துண்டு எதுக்குன்னு அதுக்கப்புறம் யாரும் சொல்ல வேண்டியிருக்கல. தாத்தா போட்டோல நெடுநெடுன்னு நிக்கறாரு. ஆச்சி நாலே முக்கால் அடி இருந்தா அதிகம். மேசை உசரத்துக்குத் தோதா உக்காந்தா கால் மிதிக்கு எட்டாது, கால் எட்டற மாதிரி உக்காந்தா ஊசி கண்ணுக்கு நேரா வந்திரும். அதனால மிதியை மேல கொண்டு வந்திருக்காங்க. சித்தப்பா வீட்டு முத்தத்துல கிடந்ததை அவரு நல்லவேளை அடுப்புல வைக்கல, கூரியர்ல வந்துச்சு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ரெண்டு பள்ளம், இடது பக்கம் முன்னால, வலது பக்கம் கொஞ்சம் பின்னால. விரல் பதியற இடம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. என் பொண்ணு பன்னெண்டு வயசு, அவ கால் வச்சா சரியா உக்காருது.

மீதி வேலையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். ஸ்டாண்டை கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு, மண்ணெண்ணெய் துணியால துடைச்சு, துரு தடுக்கற பிரைமர் ஒரு கோட், கறுப்பு எனாமல் ரெண்டு கோட். மிதியை மட்டும் பெயின்ட் அடிக்கல. பலகைல பிரிஞ்ச அடுக்குக்குள்ள ஃபெவிகாலை சிரிஞ்சுல ஏத்தி கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன்.

வீலுக்கு நடுவுல இருக்க பெரிய ஸ்க்ரூவைக் கழட்டி மாட்டினப்போ ஒரு நாள் வீணாச்சு. அதுக்குள்ள மூணு காது வச்ச ஒரு வாஷர் இருக்கு, அது திரும்பி உக்காந்தா ஸ்க்ரூவை எவ்ளோ டைட் பண்ணினாலும் வீல் சும்மா சுத்தும், ஊசி அசையாது, இல்லன்னா பாபின் சுத்தறதுக்கு லூஸே ஆகாது. வாஷரை எடுத்து அரைச்சுத்து திருப்பி வச்சா சரியாயிரும்.

பெல்ட் கடைல நீளமாத்தான் கிடைக்கும். வீல்ல சுத்தி அளந்து, கொஞ்சம் தொய்வு விட்டு வெட்டணும், விரலால அமுக்கினா அரை அங்குலம் உள்ள போகணும். நான் முதல்ல இறுக்கமா வெட்டி மிதி மலை மாதிரி கனமா இருந்துச்சு. கம்பிக் கிளிப்பை மாட்டறதுக்கு ஆணில ஓட்டை போட்டேன். மிதிக்கும்போது கைவீலோட மேல்பக்கம் நம்மளைப் பாத்து வரணும், அதை ஒரு வாரம் நூல் போடாம ஊசியும் போடாம வெறும் மிதியாப் பழகுங்க.

அப்புறம் ஊசி. கடைல 16 நம்பர் ஊசி கிடைக்குது, ஒரு பக்கம் தட்டையா இருக்கும். இந்த மாடல்ல தட்டை இடது பக்கம் பாக்கணும், நூலை வலது பக்கமிருந்து இடது பக்கமாக் கோக்கணும். நான் வேற மிஷின் வீடியோவைப் பாத்து மாத்திக் கோத்து, ஒரு தையல் கூட விழாம, ஷட்டில் தேஞ்சுருச்சோன்னு பயந்து ஒரு ரிப்பேர் பண்றவர்கிட்டக் கொண்டு போனேன். அவரு ஊசியைத் திருப்பிப் போட்டுட்டு காசே வாங்கல. டென்ஷனுக்கு (நூலோட இறுக்கத்துக்கு) அவரு சொன்ன வழி, பாபின் கேஸை நூலைப் பிடிச்சுத் தொங்க விட்டு லேசா ஒரு உதறு உதறினா ஒரு அங்குலம் இறங்கி நிக்கணும், தடதடன்னு இறங்கினா லூஸ், இறங்கவே இல்லன்னா டைட். அதை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் மேல் நூல். துணிக்கு அடியில நூல் வளையம் வளையமாத் தொங்கினா மேல் டென்ஷன் பத்தலன்னு அர்த்தம், பாபினை நோண்டாதீங்க.

முதல் தையல் ஒரு பழைய வேட்டித் துணில போட்டோம். ஒரு சாண் நீளம். நேரா, ஒண்ணு போல.

ஆடில அத்தையைக் கூட்டிட்டு வந்தேன். அப்ப மரத்துண்டை நான் இன்னும் மிதில கட்டல, புதுசா செம்புக் கம்பி வாங்கி வச்சிருந்தேன், பழைய கம்பி எந்த ஓட்டை வழியாப் போச்சுன்னு தெரியாம முழிச்சுட்டு இருந்தேன், போட்டோ எடுக்காததோட பலன். அத்தை ஸ்டூல்ல உக்காந்து செருப்பைக் கழட்டிட்டுக் காலை வச்சாங்க, உடனே எடுத்துட்டாங்க. "கட்டை எங்க?" எடுத்துக் கொடுத்தேன். மிதி மேல வச்சு, முன்னால கொஞ்சம் நகட்டி, இன்னும் ஒரு விரல் இடது பக்கம் நகட்டி, "இங்கதான், இந்தப் பூவுக்கும் அந்தப் பூவுக்கும் குறுக்க கட்டுவா, வருசா வருசம் ஆயுத பூசைக்கு அவிழ்த்துத் துடைச்சுக் கட்டுவா, நான்தான் கம்பியைப் பிடிச்சுக்கணும்"னாங்க. அவங்க பிடிச்சுக்க நான் முறுக்கினேன்.

அப்புறம் தரைல துணி விரிச்சு 27 கயித்தையும் வரிசையா வச்சோம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு துணுக்கையும் விரலால தேய்ச்சுப் பாத்தாங்க. ஒண்ணை எடுத்து ரொம்ப நேரம் வச்சிருந்தாங்க, நீலத்துல வெள்ளைப் புள்ளி, குட்டிக் கயிறு, முழு நீளமே இருபத்தெட்டரைதான். அது அவங்களோடது, முதல் தாவணிக்குத் தைச்சது. இன்னொண்ணு எதிர்வீட்டு அக்காவோடது, அவங்க இப்ப இல்ல. மெரூன் துணுக்கு கட்டினது வடக்குத் தெருவுல இருந்த ஒரு டீச்சரோடது, அவங்க இன்னும் இருக்காங்களாம், எண்பது தாண்டிருச்சு. அந்த நூலை ஒரு கவர்ல தனியா எடுத்து வச்சிருக்கேன், அடுத்த மாசம் ஊருக்குப் போகும்போது அந்தக் கயித்தோட சேத்து அவங்ககிட்டக் காட்டணும். மிச்சம் 24 கயித்தோட போட்டோவையும் பிரிண்ட் போட்டு அத்தை கையில கொடுத்திருக்கேன், தெருவுல அந்த வயசுல யாரெல்லாம் இருக்காங்களோ வீடு வீடாப் போய்க் கேக்கறேன்னு சொல்லியிருக்காங்க.